மணலில் பதியாத பெருவிரல்

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே தசைநாணுக்குள் புதைந்து கிடக்கும் இரண்டு சிறு எலும்புகளையும் சேர்த்து எண்ணினால் 28 ஆகும். மருத்துவ நூல்கள் இச்சிறு எலும்புகளைச் செசமாய்டு எலும்புகள் என்று குறிக்கின்றன. எள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது என்பதால், தமிழில் அவற்றை எள்ளெலும்புகள் என்று சொல்வது பொருந்தும். நடக்கும்போது உடலின் எடை குதிகாலில் இறங்கி, பாதத்தின் வெளிவிளிம்பு வழியாக முன்னே நகர்ந்து, முன்பாதத்தில் குறுக்காகத் திரும்பி, கடைசியில் பெருவிரலின் வழியாகத் தரையை விட்டு நீங்குகிறது. அந்தக் கடைசிக் கணத்தில் பெருவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி மடங்குகிறது. எள்ளெலும்புகளோ கிணற்றுச் சகடையைப் போலத் தசைநாணுக்கு வழிவிட்டு, அதன் இழுவிசையைப் பெருக்கிக் கொடுக்கின்றன. இந்த மடக்கம் இல்லாத காலில் எலும்பு எவ்வளவு நேராக இருந்தாலும் நடை நேராக இராது என்பதை இக்கட்டுரையாளர் தம் வலது காலில் செய்துகொண்ட அறுவைக்குப் பின் வந்த ஓராண்டில் மெல்லமெல்லக் கற்றார். அந்த ஓராண்டின் நினைவுகளே இங்கு எழுதப்படுகின்றன.

அறுவைக்குக் காரணமான குறைபாட்டை மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்பர். ஹாலக்ஸ் என்பது பெருவிரலையும், வால்கஸ் என்பது உடலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும் நிலையையும் குறிக்கும். வீடுகளில் இதற்கெனத் தனிப்பெயர் நிலைபெறவில்லை. கட்டைவிரல் திரும்பிவிட்டது என்றோ, எலும்பு துருத்துகிறது என்றோ சொல்வார்கள். கால் ஆணி என்று தவறாகக் கருதி மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவோரும் உண்டு. கால் ஆணி என்பது தோல் தடித்து இறுகுவது. ஹாலக்ஸ் வால்கஸிலோ தோலுக்குப் பங்கு இல்லை, புதிதாக எலும்பு வளர்வதும் முதன்மையான காரணம் இல்லை. உள்ளங்கால் எலும்புகள் ஐந்தனுள் முதலாவது, அதாவது முதல் மெட்டாடார்சல், உட்புறமாக விலகிச் செல்ல, அதன் முனையில் அமர்ந்திருக்கும் பெருவிரல் எதிர்ப்புறமாகச் சாய, இரண்டும் சந்திக்கும் மூட்டு மடக்கிய முழங்கையைப் போலப் பக்கவாட்டில் புடைத்து நிற்கிறது. எக்ஸ்ரேயில் அவ்விரு எலும்புகளின் அச்சுக்கோடுகளுக்கு இடையிலான கோணம் 15 பாகையைத் தாண்டினால் குறைபாடு உண்டெனக் கொள்வது வழக்கம்; கட்டுரையாளரின் வலது காலில் அது 34 பாகையாக இருந்தது.

முனை குறுகிய காலணிகளே இதற்குக் காரணம் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. 1958-இல் ஹாங்காங்கில் லாம் சிம்ஃபுக், ஹாட்ஜ்சன் என்னும் இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து பழகிய சீனரில் 33 விழுக்காட்டினருக்கும், அணியாதவரில் 1.9 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு காணப்பட்டது. ஆனால் அந்த 1.9 விழுக்காடும் கவனிக்கத்தக்கது. கட்டுரையாளரின் தாயார் வாழ்நாள் முழுவதும் வீட்டில் வெறுங்காலுடனும் வெளியில் வார்ச்செருப்புடனும் நடந்தவர். முனை மூடிய காலணி எதையும் அவர் அணிந்ததே இல்லை. ஆயினும் அவருடைய இரு பெருவிரல்களும் பக்கத்து விரலின்மேல் சாய்ந்தே இருந்தன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த எலும்பமைப்பும், கல்லூரி வகுப்பறையில் முப்பதாண்டுக் காலம் நின்றபடியே பாடம் நடத்திய பழக்கமும் சேர்ந்து, 54-ஆம் வயதில் பெருவிரல் இரண்டாம் விரலின் அடியில் நுழையத் தொடங்கிவிட்டது. இரண்டாம் விரலில் கிடந்த மெட்டி அதன்மீது உரசி நாள்தோறும் புண்ணாக்கிய பிறகுதான் அறுவைக்கு அவர் இசைந்தார்.

அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. ஸ்கார்ஃப் என்னும் முறை கையாளப்பட்டது. உத்திரங்களை நீளவாக்கில் இணைப்பதற்காகச் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் தச்சுப் பொருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. முதல் மெட்டாடார்சலை ஆங்கில இசட் எழுத்தின் வடிவில் நெடுக வெட்டி, கீழ்ப்பாதியை வெளிப்புறமாக நகர்த்தி, இரண்டு சிறு திருகாணிகளால் இறுக்கினர். அதனோடு, 1925-இல் ஏகின் என்பவர் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் முறையில், பெருவிரலின் முதல் எலும்பிலிருந்து மெல்லிய ஆப்புவடிவத் துண்டு ஒன்றும் எடுக்கப்பட்டது. முதுகில் போட்ட மரப்பூசியால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை; தச்சுப் பட்டறையின் ஓசைகள் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தன. மே மாதம் முதல் வாரம் அது; கோடை விடுமுறைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கையில் தரப்பட்ட தாளில் மாத்திரைகளின் பெயர்களும், காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்கும்படியான அறிவுரையும், பதினான்காம் நாள் தையல் பிரிப்பதும், முன்பாதம் தரையைத் தொடாதபடி குதிகால் பக்கம் மட்டும் அடித்தட்டு தடித்திருக்கும் சிறப்புக் காலணியை ஆறு வாரம் அணிய வேண்டும் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. விரலை எப்போது அசைக்கத் தொடங்கலாம், எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தையல் பிரித்த அன்று கேட்டபோது, எலும்பு கூடட்டும், பிறகு பார்க்கலாம் என்ற விடையே கிடைத்தது. அந்த விடை கட்டுரையாளருக்கு அப்போது போதுமானதாகத் தோன்றியது; இன்று அது பெரும் பிழை என்றே அவர் கருதுகிறார். திருகாணியால் இறுக்கிய வெட்டு எலும்பின் தண்டில் இருக்கிறது. மடங்க வேண்டிய மூட்டு அதற்கு அப்பால், விரலின் அடியில் இருக்கிறது. தையல் பிரித்த பின் அறுவை மருத்துவரின் ஒப்புதலோடு அந்த மூட்டை மெதுவாக அசைக்கத் தொடங்குவது பல இடங்களில் உள்ள நடைமுறை. அசைவின்றி விடப்பட்ட மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கும். அறுவையின்போது கீறித் தைத்த திசுக்கள் ஆறும்போது, வழுக்கிச் செல்ல வேண்டிய தசைநாண் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும். எலும்பைக் காப்பதாக எண்ணி, கட்டுரையாளர் ஆறு வாரமும் விரலை அசையாமல் காத்தார்.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, விரலும் நேராக இருந்தது. சிறப்புக் காலணி கழற்றப்பட்டது; இனி வழக்கம்போல் நடக்கலாம் என்று சொல்லப்பட்டது. வழக்கம்போல் நடப்பது என்றால் என்னவென்று கால் அதற்குள் மறந்துவிட்டிருந்தது. பெருவிரல் தரையில் படுவதற்கு முன்பே பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து, சுண்டுவிரல் ஓரமாக ஊன்றி, பெருவிரலைத் தவிர்த்துவிட்டு மேலெழும்பியது. வலி இருந்ததால் அப்படி நடந்தார் என்று சொல்வதைவிட, வலிக்கும் என்ற எதிர்பார்ப்பால் நடந்தார் என்பதே சரி; ஏனெனில் வலி குறைந்த பிறகும் அந்த நடை குறையவில்லை. ஜூலையில் வகுப்புகளுக்குச் சென்றுவரத் தொடங்கியபோது, இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடிப்பகுதியில் மாலைதோறும் எரிச்சல் எடுத்தது. பெருவிரல் சுமக்க மறுத்த எடையை அண்டை எலும்புகள் சுமப்பதால் வரும் வலி அது. முழங்காலும் இடுப்பும்கூட அதன்பின் நோகத் தொடங்கின.

கட்டுரையாளர் வாழும் திருவரங்கத்தில் ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் நெரியும். அந்த ஆண்டு அவர் அப்படிகளில் நேராக இறங்க இயலாமல், பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினார். பின்னர் கோயிலுக்குச் சென்றபோது, ஆயிரங்கால் மண்டபத்தின் முன்னுள்ள மணல்வெளியில் நடந்து, திரும்பிப் பார்த்தார். இடது காலின் தடத்தில் குதிகாலும் முன்பாதமும் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. வலது காலின் தடத்தில் குதிகாலும் வெளிவிளிம்பும் ஆழமாகப் பதிந்திருந்தன; பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மணல் கலையாமல் இருந்தது. அறுவைக்கு முன்னர், கோணலாக இருந்த காலத்தில்கூட, அந்த விரல் தரையில் பதிந்தே வந்தது. மூன்று மாதமாக எக்ஸ்ரேக்கள் சொல்லாத செய்தியை மணல் சொன்னது. மறுவாரமே இயன்முறை மருத்துவர் ஒருவரை, அதாவது பயிற்சியாலும் கைமுறைச் சிகிச்சையாலும் உடலியக்கத்தை மீட்பதைத் தொழிலாகக் கொண்டவரை, அவர் தேடிச் சென்றார்.

அந்த இளம் மருத்துவர் முதலில் கோணமானியை வைத்து அளந்தார். இயல்பான நடையின் இறுதிக் கட்டத்தில் பெருவிரலின் அடிமூட்டு ஏறத்தாழ 60 பாகை மேல்நோக்கி மடங்க வேண்டும் என்று பாடநூல்கள் குறிப்பிடும். கட்டுரையாளரின் இடது காலில் அது 70 பாகையைத் தொட்டது, வலது காலில் 25-ஐத் தாண்டவில்லை. தினமும் வீட்டில் விரலைப் பிடித்து மடக்கிவருவதாக அவர் சொன்னபோது, செய்துகாட்டும்படி மருத்துவர் கேட்டார். நகத்தின் அருகே பிடித்து விரல் மடக்கப்பட்டதைச் சற்று நேரம் பார்த்தபின், “அம்மா, நீங்க மடக்குறது நுனி மூட்டு. அடி மூட்டு அசையவே இல்லை” என்றார். பெருவிரலில் எலும்புகள் இரண்டு, எனவே மூட்டுகளும் இரண்டு; நுனியைப் பிடித்தால் இளகிய நுனி மூட்டே மடங்கும், இறுகிய அடிமூட்டு இருந்தபடியே இருக்கும். பல வாரங்களாகச் செய்துவந்த முயற்சி முழுவதும் வேறொரு மூட்டுக்குச் சென்றிருந்தது.

சரியான முறை நுட்பமானது, ஆனால் கடினமானதன்று. நாற்காலியில் அமர்ந்து, அறுவை செய்த காலை மறுதொடையின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு கையின் விரல்களால் முதல் மெட்டாடார்சலை அசையாமல் பிடித்து, மறுகையால் பெருவிரலை அதன் அடி எலும்பிலேயே, மூட்டுக்கு மிக அருகில் பற்றி, முதலில் விரலின் நீளவாக்கில் மெதுவாக இழுத்து மூட்டுக்குச் சிறிது இடைவெளி தந்துவிட்டு, அந்த இழுவையை விடாமலேயே மேல்நோக்கி மடக்கி, இறுக்கம் தெரியும் இடத்தில் பத்து எண்ணும் வரை நிறுத்தி, தளர்த்த வேண்டும். பிறகு அதேபோல் கீழ்நோக்கி. இழுக்காமல் மடக்கினால் எலும்பின் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டி மூட்டின் மேற்புறத்தில் கூர்மையாக வலிக்கும். இழுத்து மடக்கும்போது அடிப்புறத்தில் பரந்த இறுக்கமே தெரியும். எந்த வலியை நிறுத்தற்குறியாகக் கொள்வது, எந்த இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்வது என்று இவ்விரண்டையும் பிரித்தறியும் திறன்தான் தமக்கு அந்தச் சிகிச்சையில் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது என்று கட்டுரையாளர் கருதுகிறார். காலையில் வெந்நீரில் காலை வைத்த பின் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை என்று நாளொன்றுக்கு மூன்று வேளை அது செய்யப்பட்டது. தழும்பு முழுவதும் ஆறியிருந்ததால், தேங்காய் எண்ணெய் தொட்டு அதன்மீது குறுக்கும் நெடுக்கும் நீவி, அடியில் ஒட்டியிருந்த தோலை விடுவிக்கும் வேலையும் உடன் நடந்தது.

மூட்டு இளகினால் விரல் வேலை செய்யும் என்ற எண்ணமும் விரைவில் பொய்த்தது. கையால் மடக்கினால் மடங்கிய விரல், தானாக மடங்கும்படி கட்டளையிட்டால் அசையவில்லை. கட்டளை போகும் பாதையே தூர்ந்துபோனது போலிருந்தது. யாரோ சொல்லக் கேட்டு, தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுக்கும் பயிற்சியை அவர் செய்துவந்திருந்தார். விரலைச் சுருட்டுவது வேறு, விரலை ஊன்றுவது வேறு என்று மருத்துவர் விளக்கினார். கெண்டைக்கால் பகுதியிலிருந்து இறங்கி நகமிருக்கும் நுனி எலும்பில் முடியும் நீண்ட தசை விரலைக் கொக்கிபோலச் சுருட்டுகிறது. பாதத்துக்குள்ளேயே பிறந்து, எள்ளெலும்புகளைத் தன்னுள் ஏந்தி, அடி எலும்பில் முடியும் குறுந்தசையே விரலை நீட்டியபடி தரையோடு அழுத்துகிறது. நடைக்கு இந்த இரண்டாவது செயல் இன்றியமையாதது. பெருவிரலின் அடியில் ஒரு தாள்துண்டை வைத்து, நுனியை மடக்காமல் விரலை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் அத்தாளை உருவ முயல்வார். இடது காலில் தாள் கிழிந்தது, வலது காலில் தாள் தடையின்றிக் கையோடு வந்தது. வீட்டில் தாளை உருவும் பொறுப்பை அவருடைய கணவர் ஏற்றார். செப்டம்பர் இறுதியில் ஒருநாள் முதன்முறையாகத் தாள் வராமல் நின்றபோது, அவர் அதை விட்டுவிட்டு எழுந்துபோய்ப் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னார்.

பெருவிரலைப் பக்கவாட்டில் மற்ற விரல்களிலிருந்து பிரிக்கும் தசை இன்னும் மோசமான நிலையில் இருந்தது. அறுவைக்கு முந்தைய பல ஆண்டுகள் விரல் சாய்ந்தே இருந்ததால் அத்தசை இழுபட்டு, வேலையற்று, மெலிந்திருந்தது. மற்ற நான்கு விரல்களும் விரிய முயன்று துடிக்க, பெருவிரல் மட்டும் கல்லாய்க் கிடந்தது. இரண்டு கால்களையும் அருகருகே வைத்து, இரண்டு பெருவிரல்களையும் ஒரே நேரத்தில் பிரிக்க முயன்றால் நல்ல காலைப் பின்பற்றி மற்றதும் கற்கக்கூடும் என்ற அறிவுரையை அவர் நாள்தோறும் கடைப்பிடித்தார். ஆறு வாரங்களுக்குப் பின் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் அசைவு தோன்றியது. விரலின் உட்புறத் தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்பு, கீறலுக்கு மிக அருகில் ஓடுவதால், அந்தப் பகுதி மரத்தும் இருந்தது. பஞ்சாலும் பிறகு முரட்டுத் துண்டாலும் தேய்த்தும், அகன்ற பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதில் பாதத்தால் துழாவியும் அந்தத் தோலைத் தொடுகைக்குப் பழக்கினார். தரையை உணராத விரல் தரையை நம்பி ஊன்றாது என்பதால், இதையும் நடைப்பயிற்சியின் பகுதியாகவே அவர் எண்ணினார்.

நடையைத் திருத்தும் கட்டம் அக்டோபரில்தான் தொடங்கியது. 1954-இல் ஜே. எச். ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர், பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்காலில் குதியிலிருந்து விரலடி வரை ஓடும் வலிய நார்ப்பட்டை மெட்டாடார்சலின் முனையைச் சுற்றி இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கிவிடுகிறது என்று காட்டினார். கப்பலில் நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையின் பெயரையே அவர் அதற்கு இட்டார். தளர்ந்து பரந்து கிடக்கும் பாதம், உந்த வேண்டிய நொடியில் நெம்புகோல்போல விறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குதிகால் எழாமல் பாதத்தை மொத்தமாகத் தூக்கி வைக்கும் நடையில் இந்த இறுக்கம் நிகழ்வதே இல்லை. கட்டுரையாளரின் நடை அப்படித்தான் இருந்தது. எனவே நடையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பழக வேண்டியிருந்தது. சுவரைத் தொட்டபடி இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் வைத்து, எடையை முன்னே நகர்த்தும்போது வலது குதிகால் எழ, பெருவிரல் மட்டும் தரையை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, அந்த நிலையில் நின்று, திரும்ப இறங்கும் ஒரே அசைவு நாளுக்கு நூறு முறைக்குக் குறையாமல் செய்யப்பட்டது. அடிமேல் அடி வைத்துக் கோயிலை வலம்வரும் அடிப்பிரதட்சிணம் தமக்கு உதவும் என்று அவர் எண்ணி, சில நாள் செய்தும் பார்த்தார். வெளிப்புறமாகத் திரும்பிய பாதத்தை நேராக வைக்க அது நன்றாகவே பழக்கியது. ஆனால் ஒரு காலின் விரல்நுனியில் மறுகாலின் குதியைச் சேர்க்கும் அந்நடையில் உந்துதலுக்கு இடமில்லை. உந்துதல் நீண்ட எட்டில்தான் வரும். ஆகவே விடியுமுன் சித்திரை வீதிகளில், ஊர் எழுந்து வண்டிகள் வரத் தொடங்கும் முன், எட்டை வேண்டுமென்றே நீட்டி வைத்து அவர் நடந்தார். காலின் ஒவ்வோர் அசைவையும் எண்ணி நடக்கும்போது நடை விறைத்தது. பின்னால் இருக்கும் காலால் தெருவைப் பின்னோக்கித் தள்ளுவதாக மட்டும் நினைத்துக்கொண்டபோது மற்றவை தாமே ஒழுங்குக்கு வந்தன.

நடையைவிடத் தரை கூடுதலாகக் கேட்டது. பாயில் அமர்ந்து உண்டு எழும்போதும், குத்துக்காலிட்டுக் காய்கறி நறுக்கும்போதும், பூசையறையில் விழுந்து வணங்கி எழும்போதும் பாதவிரல்கள் முழுதாக மடங்கி உடலைத் தாங்குகின்றன. நாற்காலியிலேயே வாழ்பவருக்குத் தேவைப்படாத அளவுக்கு அந்த மூட்டு இந்த வீடுகளில் தேவைப்படுகிறது. மேல்நோக்கிய மடக்கம் 50 பாகையை எட்டிய நவம்பரில், முழங்காலிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, கையூன்றாமல் எழுவது முதன்முதலாக இயன்றது. அந்த வாரமே மெட்டியும் விரலுக்குத் திரும்பியது. இரண்டாம் விரல் இப்போது தனக்குரிய இடத்தில் நின்றதால் அது எங்கும் உரசவில்லை. மாலை வேளை வீக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அது இருக்கக்கூடும் என்று தெரிந்த பின்னரும், செருப்பின் வார் அழுந்திய தடத்தை இரவில் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனம் கலங்கியது.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த சில நாள்களுக்குப் பின், அதே மணல்வெளியில் அவர் மீண்டும் நடந்து பார்த்தார். வலது காலின் தடத்தில் பெருவிரல் பதிந்திருந்தது. இடதைவிட ஆழம் குறைவு, ஆயினும் அதன் பின்விளிம்பில், உந்தும்போது மணல் பின்னே தள்ளப்பட்டதற்கு அடையாளமாக, சிறு மேடு ஒன்று எழுந்திருந்தது. ஓராண்டு நிறைவில் எடுத்த அளவில் அடிமூட்டு 58 பாகை மடங்கியது. உட்புறத் தோலில் ஒரு நெல்மணி அகலத்துக்கு இன்னும் உணர்வில்லை.

தாயிடமிருந்து அதே எலும்பமைப்பைப் பெற்ற அவருடைய தங்கை, வரும் கோடையில் தம் இடது காலுக்கு அறுவை செய்துகொள்ள நாள் குறித்திருக்கிறார். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கட்டுரையாளர் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்; விரலை எந்த நாளிலிருந்து அசைக்கலாம், யார் கற்றுத் தருவார் என்பவை அதன் முதல் இரண்டு வரிகள். தங்கையோ, அறுவைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே, மாலையில் திண்ணையில் அமர்ந்து காலை மடியில் போட்டுக்கொண்டு, அடிமூட்டு எங்கே தொடங்குகிறது என்று விரல்களால் தேடிப் பிடித்துப் பழகிவருகிறார்.